திறக்கக் கூடாத மாட்யூல்

— ப்ரார்த்தனா, ப்ரோக்ராம்ல நீ எழுதின பகுதியை, அந்த மாட்யூலைத் திறந்துட்டேன்.

— என்னது? ஒருத்தர் எழுதினதுக்குள்ள இன்னொருத்தர் பாக்கக் கூடாதுன்னு இந்த ப்ரோக்ராம் பாஷைக்குச் சட்டம் போட்டதே நீதானே, யது. என்ன வாங்கும், என்ன குடுக்கும்னு வெளிய ஒரு பக்கம் எழுதி வெச்சாப் போதும்னு மூணு வருஷமா உசிரை வாங்கினே.

— ஆய்து, சரி, சட்டம் என்னோடதுதான். பட்டுநூல் சுத்தற மெஷின் டெஸ்ட் பண்ணறச்சே அப்படியே நின்னுபோச்சு. வேற வழி இல்ல.

— பாத்தியா, என்ன தப்பு?

— தப்பைத் தேடவே மறந்துட்டேன். நாப்பது வரி ப்ரோக்ராம். மீதி முந்நூறு வரியும் மெஷின் படிக்காத குறிப்பு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ்.

— யது, மூடு அதை.

— "இன்னிக்கு யதுவுக்கு ஜுரம். மிளகு சாத்தமுது கொண்டுவந்தேன். குடுக்கத் தைரியம் வரல்ல. மஞ்சுநாத் குடிச்சுட்டான்."

— மெதுவாப் படி. அவன் பக்கத்து ரூம்லதான் இருக்கான்.

— மூணு வருஷம், ப்ரார்த்தனா. பக்கத்து நாற்காலி. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— நீ சொன்னியா? மாட்யூலைத் தவிர வேற எதைப் பத்தியாவது என்னோட பேசியிருக்கியா?

— உன்னோட பேசணும்னுதான் தினமும் ஒரு புதுச் சட்டம் யோசிச்சுண்டு வருவேன்.

— இதை இப்ப வந்து சொல்றியே.

— கடைசிக் குறிப்பு. "வெள்ளிக்குள்ள யது என்னைக் கேட்டுட்டா, ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தத்துக்குப் பெங்களூர்க்காரா வர வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிடுவேன்." இன்னிக்குத் திங்கள்.

— நேத்து தட்டு மாத்தியாச்சு. மோதிரத்தைப் பாக்கலையா?

— இப்பத்தான் பாக்கறேன். நேத்து பூரா இங்கயே இருந்தேன், மெஷினைப் பிரிச்சுப் போட்டுண்டு.

— நேத்தா? நான் போன வாரம் பூரா லீவு. மெஷின் எப்ப நின்னுது?

— புதன்கிழமை. சரியாப் பத்து மணிக்கு.

— அஞ்சு நாளா என்ன பண்ணினே?

— என்னோட பதினோரு மாட்யூலையும் வரி வரியாப் பாத்தேன். அப்பறம் மோட்டார், ஒயர் எல்லாம். நீ எழுதினதுல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.

— அந்தக் கடைசிக் குறிப்புக்குக் கீழ ஒரு வரி இருக்கு. அது ப்ரோக்ராம். படி.

— "புதன்கிழமை பத்து மணி ஆனா, நில்." ப்ரார்த்தனா, இதை நீயேவா எழுதினே?

— நின்ன உடனே நீ முதல்ல என்னைத்தான் சந்தேகப்பட்டு, அன்னிக்கே இதைத் திறந்து படிப்பேன்னு நெனைச்சேன், யது.