மூன்றாம் முழுக்கு

உட்காரச் சொன்னீர்கள், உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பெஞ்சு கொஞ்சம் ஆடுகிறது ஐயா. இடது காலுக்கு அடியில் ஓர் ஓட்டுச்சில்லைச் செருகினால் நின்றுவிடும். எங்கள் தெரு ஆளை ஸ்டேஷனில் யாரும் உட்காரச் சொல்வதில்லை. நீங்கள் சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியும். நீங்களும் என் புத்தகத்தைப் படித்திருக்கிறீர்கள்.

எங்கள் சனம் கிணறு வெட்டும் சனம். பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் கிணற்றுக்குள்ளிருந்து கல் சுமந்து ஏறியிருக்கிறேன். பாதிரியார் ஒருவர் பிடித்து வைத்து நாலெழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த நாலெழுத்தை வைத்துப் பரமத்தி வேலூர் வெற்றிலை மண்டியில் இலையைக் கவுளி கவுளியாகக் கட்டி அடுக்கும் வேலைக்குப் போனேன். பச்சமுத்து என்றால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நான் எழுதியது ஒரே புத்தகம். கிணறுவெட்டி தீர்த்தகிரியின் சரித்திரம்.

தீர்த்தகிரி எங்கள் தெரு மேஸ்திரி. இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளம் உங்களுக்கும் நினைவிருக்கும். வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போன எங்கள் ஆட்களைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. கிடைத்த மரத்தில் ஏறினார்கள். தீர்த்தகிரி பரிசலை எடுத்துப் போய் இரண்டிரண்டு பேராக ஆறு பேரைக் கரை சேர்த்தார். புளியமரத்தில் இன்னும் மூன்று பேர் பாக்கி. மறுபடி போனார். நான் கரையில் நின்று பார்த்தேன். பரிசல் மரத்தை நெருங்கியபோது மழை மறைத்துவிட்டது. மழை விட்டபோது பரிசலும் இல்லை, மரமும் இல்லை. மறைத்த பிறகு நடந்ததை நான் எழுதினேன். அது ஒன்பதாம் அத்தியாயம். ‘மரத்திலிருந்து நீண்ட கையைப் பற்றிய கை கடைசிவரை விடவில்லை’ என்று முடியும். அந்த இடத்தில் அழாதவர்களை நான் பார்த்ததில்லை.

பிணம் கிடைக்காததால் நாணலில் ஆள்போலக் கட்டி எரித்துக் கருமாதி செய்திருந்தோம். அவர் பெண்சாதி குஞ்சம்மாள் தாலியைக் கழற்றினாள். புத்தகம் வந்த பிறகு படித்துறைக்கு மேலே அவர் பெயர் வெட்டி ஒரு கல் நட்டார்கள். குஞ்சம்மாள் தினமும் விளக்கு வைத்தாள். எங்கள் தெருவிலிருந்து ஒருவன் பெயர் கல்லில் ஏறியது அதுதான் முதல் தடவை.

புத்தகம் வந்த பிறகு என் பிழைப்பு எப்படி மாறியது என்று கேட்டீர்கள். மயில்சாமிக் கவுண்டர் வீட்டு வாசலில் என் அம்மா கொட்டாங்குச்சியில்தான் தண்ணீர் குடித்திருக்கிறாள். அதே கவுண்டர்தான் சேலத்தில் சொல்லி அச்சுப்போட வைத்தார். “ஏனுங்க புஸ்தகக்காரரே, நின்னுக்கிட்டே இருந்தா எப்படிங்க? இப்படி வந்து ஒக்காருங்க” என்று ஆசாரத்தில், வீட்டு முன்கூடத்தில், பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தேன். நான் எழுந்து வந்ததும் அந்தப் பெஞ்சைக் கழுவிவிடுவார்கள். அதுவும் தெரியும். கழுவட்டும். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

நாமக்கல்லில் கூப்பிட்டார்கள், எருமப்பட்டியில் கூப்பிட்டார்கள், வாழப்பாடி வரைக்கும் போய் ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்தேன். ‘டேய் பச்சா’ என்றவர்கள் ‘சாமி’ என்றார்கள். மண்டியில் மூட்டை தூக்கும் வெள்ளியங்கிரி மட்டும் மாறவில்லை. “தீர்த்தகிரி எத்தன பேரெக் காப்பாத்துனானோ என்னமோ, செத்தப்பறம் ஒன்னெயக் காப்பாத்திப்புட்டாண்டா” என்பான். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் அடுத்த கவுளியை எடுப்பேன்.

இந்த ஆடியில், பெருக்குக்கு முந்தின நாள், மண்டிக்கு ஒரு கிழவர் வந்தார். தோளில் கம்பளி, காலில் செருப்பில்லை.

“ஏனுங் சாமி, தீர்த்தகிரி கதெ எழுதுனவரு நீங்கதானுங்களா?”

“ஆமா. புஸ்தகம் வேணுங்களா?”

“எனக்கெதுக்குங்க? படிக்கத் தெரியாது. நாந்தானுங் சாமி அது.”

இடது கையைப் பார்த்தேன். கிணற்றில் வேட்டு வைத்தபோது சிதறிப்போன இரண்டு விரல்களும் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் நானே எழுதிய விரல்கள்.

மண்டிக்குப் பின்னால் கூட்டிப் போனேன். இத்தனை காலமும் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்திருக்கிறார். அங்கே ஒருவன் என் புத்தகத்தைக் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் உரக்கப் படித்திருக்கிறான்.

“எல்லாரும் அழுவறாங்க. நானும் அழுதனுங்க. அப்பறந்தான் வெளங்குச்சு, செத்தது நானுன்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

“மரத்துக்கிட்டப் போனனுங் சாமி. மூணு பேரும் கையெ நீட்டறாங்க. ஏத்துனா பரிசலு முழுகிப் போயிரும்னு தோணுச்சு. துடுப்பெத் திருப்பிட்டேன். கீழ எங்கியோ கரையில தூக்கிப் போட்டுது. எந்த மூஞ்சியெ வெச்சுக்கிட்டு ஊருக்கு வாரது? அப்படியே போயிட்டேன்.”

“இப்ப எதுக்கு வந்தீங்க?”

“நாளெக்கிப் பெருக்கு. சனமெல்லாம் கல்லுக்கிட்டக் கூடும். எல்லாத்துக்கும் முன்னால சொல்லிப்போடோணும். அந்தக் கல்லெப் புடுங்கோணுமுங்க. அப்பறம் குஞ்சம்மா என்ன சொல்றாளோ, சொல்லட்டும்.”

கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு, “அந்த மூணு பேருல சின்னண்ணன்னு ஒருத்தன். அவனுக்கு ஒரு பையன் இருந்தான். இருக்கறானுங்களா?” என்று கேட்டார்.

“இருக்கறான். நாந்தான்” என்றேன்.

காலில் விழுந்துவிட்டார். “ஒங்கப்பன் எம் பேரெச் சொல்லிக் கூப்பிட்டான் சாமி. நான் திரும்பிப் பாக்குல” என்று அழுதார். “எந்திரிங்க மாமா” என்று நான்தான் தூக்கி நிறுத்தினேன்.

இந்த இடத்தில் உங்கள் ரைட்டர் பேனாவை வேகமாக ஓட்டுகிறார். அப்பனுக்காகப் பழிவாங்கினான் என்று எழுதினால் உங்களுக்கும் சுலபம், கோர்ட்டில் எனக்கும் கொஞ்சம் இரக்கம் கிடைக்கும். அது பொய். எனக்குக் கோபமே வரவில்லை. என் புத்தகத்தில் அப்பா தனியாகச் சாகவில்லை. ஒருவர் போய் அவர் கையைப் பிடித்திருக்கிறார். பிடிக்க வைத்தவன் நான். ஊரே அதைப் படித்து அழுத பிறகு, கம்பளி போர்த்திய ஒரு கிழவர் வந்து அந்தக் கையை எடுத்துவிடுகிறேன் என்றால் எப்படி விடுவது?

முதலில் நல்லவிதமாகத்தான் சொன்னேன். கரூருக்குப் பஸ் ஏற்றிவிடுகிறேன், திரும்பிப் போய்விடுங்கள் என்றேன். “போய்ப் பாத்தாச்சு சாமி. இனிமேப் போறதுக்கு எடமில்ல” என்றார். கல் போனால் தெருவுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டேன். “கல்லு போனா கல்லுதான போவுது” என்றார். எழுத்து தெரியாதவரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

எங்கள் சனத்தில் ஒரு முறை உண்டு. கருமாதி ஆனவன் உயிரோடு வந்தாலும் அவன் பிணம்தான். வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. ஆற்றில் மூன்று முழுக்குப் போட வேண்டும். முதல் முழுக்கில் சாவு போகும், இரண்டாவதில் தீட்டுப் போகும். மூன்றாவதில் எழுந்தால் அன்றைக்குப் பிறந்த பிள்ளை. புதுப்பெயர் வைத்து வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அவனால் கெட்டுப்போன வீட்டு ஆள் யாராவது கழுத்தைப் பிடித்து முக்க வேண்டும். அதுதான் மன்னிப்பு.

“நீதான் சாமி முக்கோணும்” என்று அவரே கேட்டார். நான் கேட்கவில்லை. நாளைக்குக் கூட்டத்தில் எதற்கு, இப்போதே முடித்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

உச்சிவெயிலில் மேலத் துறையில் ஆளே இல்லை. புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. இடுப்பளவு ஆழத்தில் நின்றோம். அவருக்குச் சந்தோஷம்.

“என்ன பேரு வெப்ப சாமி? நல்ல பேரா வெய்யி. பழைய பேருலதான் கல்லு நட்டுப்புட்டீங்களே.”

“வைக்கிறேன் மாமா” என்றேன்.

ஒரு முழுக்கு. எழுந்து மூச்சு வாங்கினார். இரண்டாவது முழுக்கு. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாவதில் நான் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் அசையவே இல்லை. முறையே அப்படித்தான் என்று நினைத்திருப்பார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல் குறைந்த கை, ஈரத்தில் வழுக்கியது. ஆனாலும் விடவில்லை. பற்றிய கை கடைசிவரை விடவில்லை. நான் எழுதிய வரியிலேயே சரியான வரி அதுதான் என்று அப்போது தெரிந்தது.

பரிசல்காரன் காத்தான் அக்கரையிலிருந்து பார்த்ததாகச் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

மறுநாள் பெருக்குக் கூட்டத்தில், கல்லுக்குக் கீழே படித்துறையிலேயே பிணம் வந்து ஒதுங்கியது. முகம் ஊதிப்போயிருந்தது, ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. குஞ்சம்மாள் இறங்கிப் போய் இடது கையை எடுத்துச் சேற்றைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். “யாரு ஆயா இது, தெரியுமா?” என்று உங்கள் ஏட்டையா கேட்டார். “எம் புருசன் வெள்ளத்துலயே போயிட்டானுங்க” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தாள். புத்தகத்தின் மதிப்பு அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து கல்லுக்கு விளக்கு வைப்பதில்லை என்கிறார்கள். எண்ணெய் தீர்ந்திருக்கும்.

கொன்றது நான்தான் ஐயா. தெரிந்து, யோசித்து, இந்த இரண்டு கையாலும் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். என் தெருவுக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். ரைட்டர் செத்தவர் பெயரைத் தீர்த்தகிரி என்று எழுதியிருக்கிறார். அடித்துவிட்டு, அடையாளம் தெரியாத பரதேசி என்று போடச் சொல்லுங்கள். தீர்த்தகிரி என் அப்பா கையைப் பிடித்துக்கொண்டே வெள்ளத்தில் போனார். சந்தேகம் இருந்தால் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.