பதினொரு சதவீத ஈரம்

மழைக்காலத்தில் ஜாடிக்குள் உப்பு கசிவது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும் சார். சில பொடிகள் காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும். அதை அளப்பதுதான் பதினேழு வருடமாக என் வேலை.

மருந்துக் கம்பெனிகள் தங்கள் மாத்திரையின் வீரியத்தை ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் ஆய்வுக்கூடத்தில் பொடி வாங்கும். குப்பியில் நாங்கள் ஒட்டும் தூய்மை அளவுதான் அவர்களுக்கு எடைக்கல். பொடிக்குள் இருக்கும் தண்ணீரைக் கழிக்காமல் விட்டால் கல்லே பொய்க்கல்லாகிவிடும். வீரியம் குறைந்த மாத்திரையும் தேறிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் என்னைவிட இளையவள் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் நான் எழுதிய சான்றிதழைக் கொண்டுவந்து காதோரம் சொன்னாள்: "அக்கா, இதுல தண்ணிய கழிக்க விட்டுப்போச்சு போல. மேனேஜர்கிட்ட சொல்லல. நீங்களே மாத்திடுங்க."

சொல்லியிருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு மறந்திருப்பேன். அந்தப் பெருந்தன்மைதான் முள்ளாகத் தைத்தது. சந்தேகம் என்றால் என் மேசைக்கு வந்துகொண்டிருந்த மேனேஜர், மெல்ல மெல்ல அவள் மேசைக்குப் போக ஆரம்பித்தார். சான்றிதழில் கையெழுத்துப் போடும் உரிமையும் அவளுக்கே போனது.

வலிப்பு மருந்துப் பொடி வந்தபோது அவள்தான் அளந்தாள். அரை சதவீதம்கூட ஈரமில்லை. சரியான அளவுதான். குப்பிகளில் அடைக்கும் முன், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், டப்பாவைத் திறந்து ஈரத்துணி விரித்த பெட்டிக்குள் வைத்தேன். மூன்று மதியம். சீராக இறங்கட்டும் என்று கிளறியும் விட்டேன். தண்ணீர் குடித்த பொடியும் அதே வெள்ளைதான். அளந்து பார்த்தேன்: பதினொன்று.

குப்பிகள் அவள் கையெழுத்தோடு போயின. ஒரு கம்பெனியின் வலுவில்லாத மாத்திரைகள் நூற்றுக்கு நூறு என்று தேறின. அடங்கியிருந்த வலிப்பு பலருக்குத் திரும்பியது. ஒரு பெண் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது விழுந்தாள். குழந்தை தொட்டிக்குள் இருந்தது. பேப்பரில் படித்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, துவைக்கத் துணி நிறைய இருந்தது.

விசாரணையில் அவள் யாரையும் கைகாட்டவில்லை. "டப்பா மூடிய நான்தான் சரியா மூடல போல. என் தப்புதான்," என்றாள். மேனேஜர் கண்கலங்கினார். வேலை போன பிறகும் ஆளாளுக்கு அவள் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்கிறார்கள். என் மேசைப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அவள் நன்றாகத்தான் மூடியிருந்தாள். திறந்தது நான். அதைச் சொல்லத்தான் வந்தேன் சார். அவ்வளவு கச்சிதமாகச் செய்ய அவளுக்கு வராது. உங்கள் விசாரணை அறிக்கை முழுக்கப் படித்துவிட்டேன். என் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.