தெரியாத நம்பர்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் காலி மீன் கூடையோடு ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"பிளாட்டு வோணாம்னு எத்தினி வாட்டி சொல்றது? இந்த மாதிரி கால் வரக் கூடாதுன்னு பதிஞ்சும் வெச்சுக்கீறேன். அப்பால இன்னாத்துக்கு அடிக்கிற?"

"பேசறது எங்க உரிமை மேடம்," என்றது ஓர் இளைஞனின் குரல்.

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"மேடை போட்டுப் பேசு நைனா, யாரு வோணான்னா? எம் புருசன் கடலுக்குப் போய்க்கீறாரு. கரையேறுனா எவன் போனையாச்சும் வாங்கித்தான் அடிப்பாரு. அதான் தெரியாத நம்பர்னா ஓடியாந்து எடுக்குறேன். எடுத்தா நீ! எந்நெஞ்சு எப்டி அடிச்சிக்கினு கெடக்கும்னு தெரியுமா ஒனக்கு?"

"சாரி மேடம், வெச்சிடறேன்."

"இன்னா வெச்சிடறே? நீ பேசுனத நான் கேட்டேன்ல? இப்ப நான் பேசுறேன், நீ கேளு."

அவன் வைத்துவிட்டான். அக்கா அதே எண்ணுக்குத் திரும்ப அடித்தார். அவன் எடுக்கவில்லை. விடாமல் அடித்தார்.

"வுடு அக்கா," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இன்னாத்துக்கு வுடணும்?"

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவன் எடுத்தான். "சொல்லுங்க மேடம்," என்றான் மெதுவாக.

அக்கா கூடையைக் காலால் நகர்த்திவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். செங்கல்பட்டு வரைக்கும் அவர்தான் பேசினார்.