போலி என்று முதலில் சொன்னவன்

நான் எதிலும் முந்திக்கொள்கிற ஆள் இல்லை, ஐயா. பஸ்ஸில்கூட எல்லோரும் ஏறிய பிறகுதான் ஏறுவேன்.

போன வருடம் ஏதோ ஒரு ஏஐ, என் அண்ணன் குரலில் பேசி அண்ணியிடம் நகைகளைக் கறந்துவிட்டது. சூடு கண்ட பூனையான அண்ணன், அன்றே குடும்பத்தை ஒரு சரிபார்ப்பு வலையமைப்பில் சேர்த்தார். வருகிற குரல் மனிதனுடையதா, போலியா என்று முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் அவரவர் இடத்திலிருந்து வாக்களிப்பார்கள். தலைவர் என்று யாரும் கிடையாது. பெரும்பான்மை சொன்னதே தீர்ப்பு. எங்கள் வீட்டு வாக்கு என் பொறுப்பு. "மீன் கிடங்குப் பக்கம் நீ வராத. இதையாவது ஒழுங்கா பாரு" என்றார். கிடங்கைத் தன் மச்சினனிடம் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

பார்த்ததில் ஒன்று புரிந்தது. பெரும்பான்மைக்கு எதிராகச் சொன்னால் புள்ளி குறையும். அதனால் ஒருவரும் குரலைக் கேட்பதே இல்லை. யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்து அதையே வழிமொழிந்தார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பதை இவ்வளவு பக்தியாகக் கடைப்பிடிக்கும் கூட்டத்தை நான் கண்டதில்லை.

சம்பவத்தன்று ராத்திரி கிடங்கின் குளிரறைக்குள் அண்ணன் மாட்டிக்கொண்டார். குடும்பக் குழுவுக்கு அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது: "கதவு தெறக்கல. யாராவது சீக்கிரம் வாங்க." அவர் போட்ட விதிப்படியே அது வாக்கெடுப்புக்குப் போனது. நான் முந்திக்கொண்டேன். போனை எடுத்து 'போலி' என்று அழுத்தினேன். சொந்தத் தம்பி வாக்களிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. யார் யாரென்று தெரியாததுதான் அந்த அமைப்பின் பெருமையாம். கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் போலி என்றார்கள். மச்சினன் சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனான்.

அண்ணி மட்டும் என்னைப் போனில் கூப்பிட்டார். "தம்பி, அவர் போன் சுவிட்ச் ஆஃப்னு வருது. குரலும் அவரோடதுதான். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்."

"போன தடவையும் இதையேதான சொன்னீங்க, அண்ணி" என்றேன். பாவம், போனை வைத்துவிட்டார்.

காலையில் மச்சினன்தான் அண்ணனைக் கண்டெடுத்தான்.

இத்தனை பேர் சேர்ந்து எடுத்த முடிவுக்கு என்னை மட்டும் ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பது நியாயமாகப் படவில்லை. கதவை வெளியே தாழிட்டது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே நின்றேன். அவர் தட்டியது கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. திறந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அத்தனை பேரும் அது அண்ணன் குரலே இல்லை என்ற பிறகு, நான் ஒருவன் எப்படி ஐயா மாற்றிச் சொல்வது?