சாவி சட்டைப்பையில, இன்ஜின் ஓட்டத்துல

நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கையைக் காட்டறீங்களே சார், நிறுத்த முடிஞ்சா நிறுத்த மாட்டேனா? இந்தா பாருங்க சாவி. எங்க இருக்கு? என் சட்டைப்பையில. வண்டி ஓடுதா? ஓடுது! பெட்ரோல் வண்டின்னா சாவியைத் திருப்பினதும் கப்சிப்னு அடங்கிடும். இது டீசல். அதுவும் பழைய டீசல். சாவியையெல்லாம் ஒரு பொருட்டா மதிக்காது. என்ன? ... கேக்கல சார், சத்தமா சொல்லுங்க! ... ம்ஹூம், கேக்கவே இல்ல. சரி விடுங்க, நான் சொல்றதை நீங்க கேளுங்க.

மாடிக்குப் புதுசா குடி வந்திருக்கீங்க, நைட் ட்யூட்டி வேற. பகல்ல கொஞ்சம் கண்ணசரணும். புரியாம இல்ல சார். நான் சோபா தைக்கறவன். அடுத்தவன் சுகமா சாஞ்சு உக்காரணுமேன்னு பொழப்பு நடத்தறவன். என்னைப் போய் ஊர் தூக்கத்தைக் கெடுத்தவன்னு சொன்னீங்கன்னா மனசு என்ன பாடுபடும்?

எல்லாம் என் மச்சான் பண்ணின வேலை. சம்சாரத்தோட தம்பி, மெக்கானிக்கு. இந்த வண்டியோட பெட்ரோல் இன்ஜின் படுத்துடுச்சு. சோபாவை ஏத்தினா மேடு ஏறாது, நானும் கஸ்டமரும் இறங்கித் தள்ளணும். தள்ளிட்டு அந்தாளு அதே சோபாவுல உக்காந்து மூச்சு வாங்குவான். மச்சான் சொன்னான், "மாமா, இதே மாதிரி பெட்ரோல் இன்ஜின் ஒண்ணு பாத்து மாட்டிடலாம், சட்டுனு முடிஞ்சிடும்." நான் சொன்னேன், போடறதே போடறோம், டீசலாப் போடுறா! இழுவைன்னா டீசல்தான்!

பழைய வண்டி உடைக்கிற இடத்துல நானே போய்ப் புடிச்சேன் சார் இதை. ரொட்டிக் கம்பெனி வேன்லேர்ந்து இறக்கினது. நல்லா சூடேறினா லேசா ரொட்டி வாசனை வரும், மோந்து பாருங்க. வரல? எனக்கு வருது. மச்சான் டேப்பை வெச்சு அளந்துட்டு, "மாமா, இது உள்ள போகாது"ன்னான். போகாதுன்னா? உறைக்குள்ள மெத்தை போகலைன்னா நான் விட்டுடறேனா? முட்டி போட்டு அமுக்கி உள்ள தள்ளறோம்ல? "மாமா, அது பஞ்சு, இது இரும்பு"ங்கறான். எதுக்கெடுத்தாலும் ஒரு சாக்கு!

அப்புறம் என்ன, போச்சுல்ல? பழைய தாங்கியையெல்லாம் அறுத்து, புதுசா வெல்டிங் வெச்சு, கியர் பாக்ஸோட சேர நடுவுல கனமா ஒரு தகடு கடைஞ்சு வாங்கி மாட்டி... போச்சு. பானெட்டுதான் மூடல. மச்சான் கயிறு கட்டிடலாம்னான். நான் விடுவேனா? நட்ட நடுவுல ஓட்டை போட்டு, இன்ஜின் தலையை வெளிய விட்டு, சுத்திவர ரெக்சின் தச்சு, பட்டன் வெச்சேன் பாருங்க. எந்தக் கம்பெனிக்காரன் வண்டிக்குப் பட்டன் வெக்கறான்? தொட்டுப் பாருங்க... வேணாம் வேணாம், சுடும்.

மூக்கு கொஞ்சம் தரையைப் பாத்த மாதிரி இருக்கும். கனம் சார். ரெண்டு மூட்டையைப் பின்னால போட்டா நிமிர்ந்துக்கும்.

எதுக்கு மேல மேல கையைக் காட்டறீங்க? மாடியா? ஜன்னலா? கண்ணாடி ஆடுதா? ஆடத்தான் செய்யும். எங்க வீட்டுல டம்ளரெல்லாம் தானா நடந்து அடுப்பு மேடை ஓரத்துக்கு வந்துடுச்சு. நான் ஏதாவது சொன்னேனா?

இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க சார். இன்னிக்கு என் பொண்ணு வீடு மாத்தறா.

போன தடவை அவ வீடு மாத்தினப்ப நான்தான் சாமான் ஏத்திட்டுப் போனேன். பழைய இன்ஜின், நடு ரோட்டுல நின்னுடுச்சு. கூட சம்பந்தியம்மா. வெயில் தாங்காதேன்னு சோபாவை இறக்கி மரத்தடியில போட்டு அவங்களை உக்கார வெச்சேன். நல்லதுதானே பண்ணினேன்? போறவன் வர்றவனெல்லாம் நின்னு, "சோபா விக்கறதுக்கா?"ன்னு அவங்ககிட்டயே கேட்டான். அவங்க மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! அன்னியிலேர்ந்து நான் இந்த வண்டி பேச்சை எடுத்தாலே என் பொண்ணு பேச்சை மாத்திடறா. இந்தத் தடவை, "லாரி சொல்லிட்டோம்பா, நீ சிரமப்படாதே"ன்னா. சிரமமாம்! பெத்த அப்பன் வண்டியும் கையுமா குத்துக்கல்லாட்டம் இருக்கேன், அவளுக்கு லாரியாம்! மனசு விட்டுப்போச்சு சார். அவளுக்காகத்தான் இன்ஜினையே மாத்தினேன். சோபாவுக்காகன்னு வெளிய சொல்லிக்கறது.

நேத்து போன்ல கெஞ்சவே கெஞ்சிட்டேன். அம்மாடி, காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணி வாசல்லயே நிக்கறேன். லாரியை வேணாம்னுட்டு எனக்கு ஒரு போன் போடு, பறந்து வந்துடறேன்னேன். "பாக்கலாம்பா"ன்னா. என் சம்சாரமும் அங்கதான் இருக்கா, சாமான் கட்ட. விடிஞ்சதுலேர்ந்து நிக்கறேன் சார். ஒருத்தியும் கூப்பிடல. கூப்பிட மாட்டாங்க. லாரிதான் பெருசாப் போச்சு.

நிறுத்திட்டு, போன் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ண வேண்டியதுதானேம்பீங்க. அங்கதான் சூட்சுமம். பேட்டரி பழசு. பெட்ரோல் இன்ஜினுக்கு வாங்கினது, டீசல் இன்ஜினைச் சுத்தவிட அதுக்குத் தெம்பில்ல. பெரிய பேட்டரி போடணும்னு மச்சான் சொன்னான், நான்தான் ஓடறது ஓடட்டும்னேன். காலையில தெருவே சேர்ந்து தள்ளிச்சு. பால்காரர், இஸ்திரிக்காரர், எதிர்வீட்டு டீச்சரம்மா கூட பையைக் கீழ வெச்சுட்டு ஒரு கை குடுத்தாங்க. இப்ப நின்னுச்சுன்னா யாரைக் கூப்பிடறது? டீச்சரம்மா ஸ்கூலுக்குப் போயாச்சு.

போனை எதுக்கு சார் என் மூஞ்சிக்கு நேரா நீட்டறீங்க? வீடியோவா? போலீசுக்கா? எடுங்க, தாராளமா எடுங்க. ரெக்சினும் விழற மாதிரி எடுங்க. ஒரு அப்பன் பொண்ணு வீட்டு சாமானை ஏத்தணும்னு ஆசைப்பட்டது குத்தமான்னு நானும் போலீஸ்கிட்ட...

ஏய். ஏய் ஏய்! என்னாச்சு இதுக்கு? ஏன் இருமுது? ... டேய், நில்லாதே! நில்லாதேன்னா...

நின்னுடுச்சு.

அடக் கடவுளே, காதுல கொய்ங்னு இருக்கு. டீசல் தீந்துடுச்சா? எப்படித் தீரும், முள்ளு ஃபுல்லுன்னு காட்டுதே... ஆமா. டேங்க் வயரு. அதை இன்னும் மாட்டலை மாமா, முள்ளு பொய் சொல்லும், ஒரு நாள் குடுங்கன்னான். ஒரு முள்ளுக்கு ஒரு நாளான்னு நான்தான் திட்டி அனுப்பினேன். இன்ஜினை நிறுத்தறதுக்கு ஒரு கேபிள் போடறேன்னு மச்சான் சொன்னதையும் நான்தான் வேணாம்னேன்.

இப்ப சொல்லுங்க சார், இப்ப நல்லாக் கேக்குது. ... என்னது? ... என் பொண்ணா? உங்க வீட்டம்மா போனுக்கா? என் சம்சாரம்தான் நம்பர் குடுத்திருப்பா. அதைச் சொல்லத்தான் வந்தீங்களா! ... லாரியைத் திருப்பி அனுப்பிட்டாளா? ... சாமானெல்லாம் வாசல்ல இறக்கி வெச்சுட்டு... "அப்பா வந்துடுவார்"னாளா? அப்படியேவா சொன்னா சார்? இன்னொரு தடவை சொல்லுங்க.

என் போன் எங்க... இதோ. அய்யோ, வரிசையா அவதான் சார். இத்தனை தடவை கூப்பிட்டிருக்கா, பாக்கெட்டுல அடிச்சதே தெரியலையே எனக்கு. டீசலுக்கு... கேனு... உங்க ஸ்கூட்டர்...

இருங்க, மறுபடி அடிக்கிறா. உஷ்!

அம்மாடி! கிளம்பிட்டேன்மா! வண்டியிலதான் இருக்கேன், வந்துட்டே இருக்கேன்... என்னது? இன்ஜின் சத்தமே கேக்கலையா? ... அது... டீசல்மா! உங்க மாமா போட்ட இன்ஜின்னா சும்மாவா? பஞ்சு மேல போற மாதிரி போகுது... ஆமாமா, பக்கத்துல ஆள் இருக்கு, நம்ம மாடிவீட்டு சார்தான், துணைக்கு வர்றார்... சார், ஒரு வார்த்தை நீங்களே சொல்லுங்க சார், என்ன வேகத்துல போயிட்டிருக்கோம்னு!