டேல் உட்கார்ந்த திங்கட்கிழமைகள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சோஹார் தமிழர் நலச் சங்கத் தலைவர் ஜனாப் கௌஸ் முகம்மது அவர்களே, டியூட்டி முடிந்து சாப்பிடக்கூடப் போகாமல் இந்த மெஸ் ஹாலுக்கு வந்திருக்கும் கேம்ப் தோழர்களே, எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன் கோபாலசாமியின் வணக்கம், ஸலாம்.

நம் சைட் மேனேஜர் டேல் ஹட்சன்ஸ் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மாரடைப்பு. நேற்று உடல் விமானம் ஏறிவிட்டது. இந்த ஓமானில் ஒரு வெள்ளைக்கார மேனேஜருக்காகத் தமிழனும் மலையாளியும் வங்காளியும் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஏன் அழுகிறோம்?

அமெரிக்காவில் வனோகா கவுண்டி என்ற விவசாய பூமி அவருடையது. கவுண்டி என்றால் நம்மூர் தாலுகா மாதிரி. வந்த புதிதில் அவர் வாய்க்கு வாய் கவுண்டி என்றதைக் கேட்டு, காங்கேயத்துப் பழனிச்சாமி அவரை நம்மூர்க் கவுண்டராகவே ஆக்கிவிட்டார்! கேம்ப் முழுக்க ‘டேல் கவுண்டர்’தான். ஒருநாள் டேல் என்னிடம் அதற்கு அர்த்தம் கேட்டார். ஜாதிப் பெயர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தன் கவுண்டியிலும் ஜெர்மன்காரர்களுக்குத் தனிக் கல்லறை, செக் நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தனிக் கல்லறை என்றார். நிலத்துக்குச் சொந்தமான பூர்வகுடிகளை விரட்டிவிட்டு, அவர்கள் சொல்லை மட்டும் ஊர்ப் பெயராக வைத்துக்கொண்டோம் என்றார். “கோபால், டேல் போதும்” என்றார்.

அங்கே போலீஸ் தலைவரான ஷெரீஃபைக்கூட மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்களாம். திங்கட்கிழமைதோறும் கவுண்டி போர்டு கூடும். யார் வேண்டுமானாலும் எழுந்து ரோடு சரியில்லை என்று திட்டலாம். மெம்பர்கள் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும். அந்த போர்டுக்கு டேலும் ஒருமுறை நின்றார். சொந்த மச்சானிடமே தோற்றார். ஜெயித்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பாரா?

அந்தத் திங்கட்கிழமையைத்தான் இங்கே கொண்டுவந்தார். டியூட்டி முடிந்ததும் இதே ஹாலில் வந்து உட்கார்ந்தார். முதல் வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விசா கேன்சலாகிவிடும் என்று பயம். அடுத்த வாரம் கம்பி கட்டும் கார்மேகம் எழுந்தார்.

“சார், மேல தண்ணி கொதிக்குது. தூள் போட்டா டீ ஆயிரும்.”

நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். மறுநாள் டேல் கம்பி வேலை நடக்கும் மேல்தளத்துக்கு ஏறி, சாயங்காலம் வரை அந்த டேங்குத் தண்ணீரையே குடித்தார். அதற்கடுத்த நாள் டேங்குக்கு நிழல் வந்தது, ஐஸ் வந்தது. லேபரைப் பேசவிட்டால் தலைமேல் ஏறுவான் என்றது ஹெட் ஆபீஸ். டேல் நிறுத்தினாரா? ஒரு திங்கட்கிழமைகூட நிறுத்தவில்லை.

இப்போது ஹெட் ஆபீஸ் சொல்லிவிட்டது: இனிக் கூட்டம் கலாஸ், கிடையாது. மீறினால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள் என்று என் ரூம்காரர்கள் எச்சரிக்கிறார்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. என் பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் தோழர்களே, இந்தப் படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்து போக எனக்கு மனம் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை நான் இங்கே வந்து உட்காருவேன். டேலுக்கு இருந்த அதிகாரம் எனக்கு இல்லை. நீங்கள் சொல்வதைக் கடைசிவரை கேட்பேன். கேட்டதை, உங்கள் பெயரைச் சொல்லாமல், என் பெயரிலேயே ஹெட் ஆபீஸில் சொல்வேன். யாரும் வராவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன்.