பழைய நம்பரும் புது நம்பரும்

"உலகத்தில அட்ரஸ் முடியப்போகுதாம், அக்கா."

ஓமந்தைச் சோதனைச்சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். கிளிநொச்சியில் கம்ப்யூட்டர் படிப்பிப்பவர். கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்புகிறாராம். கேட்டுக்கொண்டு நின்றவர் ஸ்கந்தபுரத்து அம்மா ஒருவர்.

"என்ன அட்ரஸ், தம்பி?"

"இன்ரநெற்றில இருக்கிற ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு நம்பர் இருக்கு. அது போதாமல் வரப்போகுது. இனி நீளமான புது நம்பர் குடுப்பினம்."

அம்மாவின் முகம் மாறியது.

"அப்ப மகன் பழைய ஈமெயிலுக்கு எழுதினா வராதோ? ஏஜென்சியோட வெளிநாடு போன பிள்ளை. அவனுக்கு வேற அட்ரஸ் தெரியாது."

"வரும் அக்கா, பயப்பிடாதேங்கோ. ஈமெயில் மாறாது. நம்பரிலயும் பழசை உடன நிப்பாட்ட மாட்டினம். கனகாலத்துக்கு ரெண்டும் சேர்ந்துதான் ஓடும்."

அம்மா பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"நல்ல விசயம். சண்டையில நாங்கள் கிளிநொச்சியை விட்டு ஓடேக்கை அப்பிடிப் பழைய அட்ரஸையும் வச்சிருக்க ஆர் விட்டது? என்ர மனுசன் அண்டைக்குச் சந்தைக்குப் போனவர், திரும்பி வரேல்லை. தேடி வந்தாலும் எண்டு, நாங்கள் போற இடத்தைக் கரியால வீட்டுக் கதவில எழுதிப்போட்டு வந்தனான்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"வந்து வாசிச்சாரோ, இண்டைவரைக்கும் தெரியேல்லை."